5,000 ரூபாய்க்குக் கீழே திருட்டு: பெங்களூரு ஸ்டேஷன்ல கேஸ் எடுப்பாங்களா, எடுத்தா செலவு யார் தலையில?

#1 கணக்கர்_ஆஸ்டின்டவுன்

மளிகை, மெடிக்கல், மொபைல் ஆக்சஸரீஸ் கடைக்காரங்க எல்லாரும் முட்டிக்கிற விஷயம் இது. கேஸ் இப்படின்னு வெச்சுக்குவோம்: செல்ஃப் சர்வீஸ் கடை. ஒருத்தர் 1,340 ரூபாய்க்கு நெய், பிளேடு, பேபி பவுடர்னு பைக்குள்ள போட்டுக்கிட்டு பில் போடாம வெளிய வர்றார். வாசல்ல செக்யூரிட்டி பிடிச்சாச்சு. பொருள் கையிலேயே இருக்கு, கேமராவிலும் இருக்கு. 112 அடிச்சா ஹொய்சளா (போலீஸ் ரோந்து) வண்டி வருது. அதுக்கப்புறம் நடக்கிறது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறுது. ஒரு இடத்துல எஃப்.ஐ.ஆர். இன்னொரு இடத்துல "இது என்.சி. (நான்-காக்னிசபிள்), கோர்ட் உத்தரவு இல்லாம நாங்க தொட முடியாது, கோர்ட்டுக்குப் போங்க"ன்னு ஒரு என்டார்ஸ்மென்ட். வேற இடத்துல "பொருள்தான் கிடைச்சிடுச்சே, விட்டுடுங்க".

சட்டப்படி எது சரி? 1,340 ரூபாய்க்குக் கேஸ் நடத்தினா யாருக்கு என்ன செலவு? சொந்தக் கதை வேண்டாம். செக்‌ஷன், நடைமுறை, எங்க சிக்கும்ங்கறது மட்டும் எழுதுங்க.

#2 மேயோஹால்_வக்கீல்

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த திருட்டு என்றால் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 379. அதில் மதிப்பு வரம்பே கிடையாது. பத்து ரூபாய் சோப்பும் போலீஸ் நேரடியாக எடுக்கவேண்டிய, ஜாமீன் உரிமை இல்லாத குற்றம்தான். காகிதத்தில் போலீசுக்கு விருப்புரிமை இல்லை. நடைமுறையில் எல்லாமே விருப்புரிமைதான்.

இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 303(2). பொதுவான தண்டனை 3 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதோடு ஒரு விதிவிலக்கு: மதிப்பு 5,000-க்குக் கீழ் இருந்து, ஆள் முதல்முறை தண்டிக்கப்படுகிறவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இதையொட்டி புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் முதல் அட்டவணை, 5,000-க்குக் கீழான திருட்டைப் போலீஸ் நேரடியாக எடுக்க முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகப் பிரித்து வைத்திருக்கிறது. "என்.சி." என்று ஸ்டேஷனில் சொல்வது இந்த வரியை வைத்துத்தான்.

அப்படியானால் பி.என்.எஸ்.எஸ். 174 ஓடும். புகாரின் சாரத்தைப் புத்தகத்தில் எழுதவேண்டும், புகார்தாரரை மேஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்பவேண்டும், இப்படி வந்தவற்றின் டைரி அறிக்கையை 15 நாளுக்கு ஒருமுறை மேஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பவேண்டும். மேஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கக் கூடாது. ஆக "விட்டுடுங்க" என்பது எந்தப் பிரிவிலும் இல்லாத பதில். என்.சி. என்றாலும் எழுத்தில் ஒரு ரசீது வந்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டுப் பழகியவர்கள் இங்கே என்.சி.ஆர். (என்.சி. பதிவு) எண்ணும் ஹிம்பரஹவும் (என்டார்ஸ்மென்ட்டின் கன்னடப் பெயர்) கேட்டு வாங்குங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. புகார் கொடுக்கும் நேரத்தில் அந்த ஆள் முதல் தடவைக்காரரா, பொருளைத் திருப்பித் தருவாரா என்று யாருக்குத் தெரியும்? அந்த இரண்டும் நிறைவேறினால்தான் என்.சி. வரியே பொருந்தும், அதுவரை சாதாரண 303(2) என்று ஒரு வாதம். மதிப்பு மட்டும் போதும் என்று இன்னொரு வாதம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பதில் மாறுவதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி பி.என்.எஸ். 305. அதை எழுத்து வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

#3 பழைய_ரைட்டர்

வக்கீல் சார் நம்ம பக்கம் தள்ளிவிட்டுட்டார். சொல்றேன்.

புகாரைப் படிச்சதும் ரைட்டர் பார்க்கிறது மூணு: பொருள் எங்கேருந்து போச்சு, எப்படிப் போச்சு, எத்தனை பேர். ஆள் குடியிருக்கிற, இல்லாட்டி பொருளைப் பாதுகாத்து வைக்கிற கட்டடத்துலேருந்து போனா 305(a). அதுக்கு 7 வருஷம் வரை. அங்க 5,000 கணக்கே கிடையாது. கடைன்னா பொருள் வெச்சிருக்கிற கட்டடம்தானே? அதனால அதே 1,340 ரூபாய் நெய், 305 எழுதினா எஃப்.ஐ.ஆர்., 303 எழுதினா என்.சி. கையிலேருந்து பிடுங்கிட்டு ஓடினா 304, அதுக்கும் மதிப்பு வரம்பு இல்ல. வேலைக்காரரே எடுத்தா 306. கும்பலா சேர்ந்து கடைத் திருட்டு, பிக்பாக்கெட்னு நடத்தினா பி.என்.எஸ். 112, குறைஞ்சது 1 வருஷம், மேல 7.

ஆக, அஞ்சாயிரம்னு ஒரு கோடு போட்டதால விருப்புரிமை ஒழிஞ்சு போகல. இன்ஸ்பெக்டர் மேஜையிலேருந்து ரைட்டர் மேஜைக்கு எறங்கி வந்திருக்கு, அவ்வளவுதான்.

இப்போ செலவு. எஃப்.ஐ.ஆர். போட்டா அதே நாள்ல என்னென்ன ஆகணும்னு பாருங்க. இடத்துக்குப் போய் ஸ்கெட்ச்சோட ஸ்பாட் மஹஜர் (பார்த்ததை எழுதி சாட்சி கையெழுத்து வாங்கற பதிவு), ரெண்டு பஞ்ச சாட்சி. பொருளைக் கைப்பற்ற இன்னொரு மஹஜர், அதை வீடியோ எடுக்கணும் (பி.என்.எஸ்.எஸ். 105), அந்த ரெக்கார்டிங் மேஜிஸ்ட்ரேட்டுக்குப் போகணும். பி.எஃப். (கைப்பற்றின பொருளுக்கான படிவம்) எழுதிக் கோர்ட்டுக்கு. கடைக்காரர், கேஷியர், செக்யூரிட்டி, கேமரா பார்க்கிறவர்னு ஆளுக்கொரு வாக்குமூலம். 7 வருஷத்துக்குள்ள தண்டனைங்கறதால கண்ணை மூடிட்டு கைது பண்ண முடியாது. 2014 சுப்ரீம் கோர்ட் அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கு, ஆஜராகச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுத்து அனுப்பணும். கைது பண்ணினா காரணத்தை எழுத்துல கொடுக்கணும், டாக்டர்கிட்ட காட்டணும், 24 மணி நேரத்துல ஆஜர்படுத்தணும், கூட ரெண்டு போலீஸ்காரர் போகணும். அப்புறம் சார்ஜ் ஷீட்.

305-ல இன்னொரு வேடிக்கை. 7 வருஷம் அல்லது அதுக்கு மேல தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் நிபுணர் இடத்துக்கு வரணும்னு பி.என்.எஸ்.எஸ். 176(3) சொல்லுது (மாநில அரசு அறிவிக்கிற தேதியிலேருந்து). நெய் பாக்கெட் இருந்த ரேக்குக்கு கைரேகை எடுக்க ஆள் வரணும்! இதை மனசுல வெச்சுத்தான் ஸ்டேஷன்ல 305-ன்னாலே முகம் மாறுது.

#4 எதிர்வாதி

அப்போ விட்டுவிடுவதே நல்லது என்கிறேன். 1,340 ரூபாய்க்கு ரெண்டு மஹஜர், ஆறு சாட்சி, ஒரு அரசு வக்கீல், ஒரு மேஜிஸ்ட்ரேட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 5,000 கோடு போட்டவர்கள் இதைத்தான் நினைத்திருப்பார்கள். போலீஸ் கொலை, செயின் பறிப்பு, சைபர் மோசடி பார்க்கட்டும். கடைக்காரர் சரக்கு இழப்புக் கணக்கில் எழுதிவிட்டுப் போகட்டும்.

#5 பழைய_ரைட்டர்

பழமொழி சரி தம்பி. ஆனா சுமைகூலி யார்கிட்டேயிருந்து யாருக்கு மாறியிருக்குன்னு பாருங்க. ஆள் யார்னே தெரியாத திருட்டை எடுத்துக்குங்க. முன்னாடி எஃப்.ஐ.ஆர். போட்டு, கிடைக்கலைன்னா "சி ரிப்போர்ட்" போட்டு மூடுவாங்க. மூடினாலும் அந்தத் தெருவுல, அந்த நேரத்துல, அந்த மாதிரி திருட்டு நடந்திருக்குன்னு ஒரு பதிவு இருக்கும். நாளைக்கு வேற ஸ்டேஷன்ல பிடிபடறவன் "அங்கயும் எடுத்தேன்"னு சொன்னா ஒட்டிப் பார்க்க ஒரு கிரைம் நம்பர் இருக்கும். என்.சி. புத்தகத்துல கிடக்கிறதை யாரும் அப்படி ஒட்டிப் பார்க்கிறதில்ல. பத்து கடையில தலா 900 ரூபாய்க்கு எடுக்கிறவன் பத்து என்.சி.யாத்தான் தெரிவான். தனித்தனி திருட்டோட மதிப்பைக் கூட்டி 5,000 தாண்டிடுச்சுன்னு காட்ட சட்டத்துல வழி இல்ல. அஞ்சு குற்றம் வரை, 12 மாசத்துக்குள்ள நடந்ததைச் சேர்த்து விசாரிக்கலாம் (பி.என்.எஸ்.எஸ். 242), அது விசாரணை வசதிக்கு; மதிப்பைக் கூட்ட இல்ல.

#6 மேயோஹால்_வக்கீல்

எதிர்வாதி கவனிக்க: "கடைக்காரர் கோர்ட்டுக்குப் போகட்டும்" என்பது ஆள் தெரிந்தால்தான் நடக்கும். தனிப்புகார் (பிரைவேட் கம்ப்ளெயின்ட்) போட்டால் பி.என்.எஸ்.எஸ். 223-ன்படி புகார்தாரரைச் சத்தியப்பிரமாணத்தில் விசாரிக்கவேண்டும். அதோடு புதிதாக ஒரு நிபந்தனை: எதிராளிக்குச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் மேஜிஸ்ட்ரேட் வழக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரும் முகவரியும் தெரியாத ஆளுக்கு எங்கே நோட்டீஸ் அனுப்புவது? ஆகவே ஆள் தெரியாத 5,000-க்குக் கீழான திருட்டில் ஒரே வழி 174(2): "விசாரிக்க உத்தரவிடுங்கள்" என்று அந்த எல்லைக்குரிய மேஜிஸ்ட்ரேட்டிடம் மனு. புகார் நகல், என்.சி.ஆர். எண், ஹிம்பரஹ, கேமரா காட்சி இருக்கும் சாதனத்தின் விவரம் இவற்றை இணைக்கவேண்டும். உத்தரவு கிடைத்தால் வாரண்ட் இல்லாத கைது தவிர மற்ற எல்லா அதிகாரமும் போலீசுக்கு வந்துவிடும்.

இதில் கர்நாடகத்துக்கே உரிய ஒரு பள்ளம். ஸ்டேஷனே மேஜிஸ்ட்ரேட்டுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பி, அதன் ஓரத்தில் "அனுமதிக்கப்பட்டது" என்று ஒரு சொல் வாங்கிவந்து விசாரிப்பது இங்கே பழக்கம். மனதைச் செலுத்தாமல் ஒற்றைச் சொல்லில் கொடுத்த அனுமதி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் பல வழக்குகளை, பெரும்பாலும் சூதாட்ட வழக்குகளை, ரத்து செய்திருக்கிறது. அதே ஓட்டை திருட்டு என்.சி.யிலும் இருக்கும். காரணம் எழுதிய தனி உத்தரவாக இருக்கிறதா என்று புகார்தாரரே பார்த்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து மொத்தமும் காற்றில் போகும்.

வெளிநாட்டு உதாரணத்தோடு ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கிறேன், முந்திக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் 2014-ல் 950 டாலருக்குக் கீழான திருட்டைச் சிறு குற்றமாக்கினார்கள். 2024-ல் வாக்கெடுப்பிலேயே திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்கு இறுக்கினார்கள். அங்கே சிறு குற்றமானாலும் போலீஸ் விசாரிக்கத் தடை இல்லை. இங்கே கோட்டுக்குக் கீழே விசாரணை அதிகாரமே போய்விடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

#7 கணக்கர்_ஆஸ்டின்டவுன்

சார், அப்போ கடைக்காரங்க 305 போடச் சொல்லி அழுத்தறதுதான் புத்திசாலித்தனமா? இன்னொண்ணு, மதிப்புன்னா எம்.ஆர்.பி.யா, கொள்முதல் விலையா?

#8 மேயோஹால்_வக்கீல்

மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று சட்டம் சொல்லவில்லை. புதுச் சரக்கு என்றால் அன்றைய விற்பனை விலைதான் இயல்பு; பில்லிங் மென்பொருளில் அந்தப் பொருளின் விலை வரியை அச்செடுத்து இணையுங்கள். பழைய பொருளில்தான் தகராறு. 14,000-க்கு வாங்கிய போன், இரண்டு வருடத்துக்குப் பின் எக்ஸ்சேஞ்சில் 4,000 என்றால் எந்தப் பக்கம்? வாங்கிய பில், இன்றைய செகண்ட் ஹேண்ட் விலை இரண்டையும் எழுதிக் கொடுப்பது நேர்மையும் பாதுகாப்பும். ஊதிக் காட்டினால் குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான்.

305 கேள்விக்குத் தயங்காமல் சொல்கிறேன்: அழுத்துவதற்கு முன் முழு விலையையும் பாருங்கள். 303(2)-ல் பொருளின் உரிமையாளர் கோர்ட் அனுமதிகூட இல்லாமல் சமரசம் செய்துகொள்ளலாம் (பி.என்.எஸ்.எஸ். 359). அது விடுதலைக்குச் சமம். 305 அந்தச் சமரசப் பட்டியலிலேயே இல்லை. எஃப்.ஐ.ஆர். கிடைக்கட்டும் என்று 305 எழுதி வாங்கினால், ஆறு மாதம் கழித்து "பாவம், பணத்தைக் கொடுத்துவிட்டான், முடித்துக்கொள்வோம்" என்று நினைத்தாலும் கதவு மூடியிருக்கும். பிறகு வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528 மனு, அல்லது பிளீ பார்கெய்னிங், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்வது (7 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு இல்லை, 305 சரியாக 7-ல் நிற்பதால் உள்ளே வரும்). சமூக சேவை விதிவிலக்கும் 303-க்கு மட்டும்தான், 305-க்கு இல்லை.

சமூக சேவை என்றதும் லேசாக நினைக்கிறார்கள். அது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வரும் தண்டனை. டெலிவரி வேலைக்கோ செக்யூரிட்டி வேலைக்கோ போலீஸ் சரிபார்ப்பு கேட்கும் ஊரில், 22 வயதுப் பையனுக்கு அந்தத் தீர்ப்பு 3 மாதச் சிறையைவிடப் பெரிய அடியாகலாம். எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை என்றும் சட்டம் எண் எதையும் வைக்கவில்லை. பொருள் திரும்பிவிட்ட 303(2) வழக்கில் இரு தரப்புக்கும் மலிவானது சமரசம், அதுவும் லோக் அதாலத் அமர்வில். செயின் ஸ்டோர் என்றால் கிளை மேனேஜர் கையெழுத்து போதாது. நிறுவனத்தின் அதிகாரக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

#9 எதிர்வாதி

சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சுருக்க விசாரணை உண்டே?

#10 மேயோஹால்_வக்கீல்

உண்டு. 303(2), 305, 306 மூன்றுக்கும் 20,000 ரூபாய் வரை சுருக்க விசாரணை கட்டாயம் (பி.என்.எஸ்.எஸ். 283). பழைய வரம்பு 2,000. சுருக்க விசாரணையில் 3 மாதத்துக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. ஆனால் சுருக்கம் என்பது தீர்ப்பு எழுதும் முறையில். சம்மன் உரியவரிடம் போய்ச் சேர்வதும் சாட்சி வருவதும் அதே வேகம்தான்.

#11 பழைய_ரைட்டர்

சாட்சி விஷயத்துல ஒண்ணு. இந்த மாதிரி கேஸ் உடையற இடம் கேமரா இல்ல, செக்யூரிட்டி. ஏஜென்சி ஆள், ஆறு மாசத்துல வேற கடைக்கோ சொந்த ஊருக்கோ போயிடறாங்க. சம்மன் "விலாசத்தில் ஆள் இல்லை"ன்னு திரும்பி வரும். பிடிச்சவரே வரலைன்னா மீதி என்ன இருக்கு? அதனால புகார்தாரரா நிலையான ஊழியரைப் போடுங்க, செக்யூரிட்டியோட ஊர் முகவரி, ஏஜென்சி பேர் ரெண்டையும் வாக்குமூலத்துலயே எழுத வைங்க. பஞ்ச சாட்சியும் அப்படித்தான். பக்கத்துக் கடைக்காரர் நின்னா நல்லது. ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற அதே ரெண்டு பேர் எல்லா மஹஜர்லயும் இருந்தா டிஃபென்ஸ் வக்கீலுக்கு அல்வா.

கேமரா காட்சியை பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. புது சாட்சியச் சட்டம் 63-ன்படி சான்றிதழ் ரெண்டு பகுதி: "ஏ" பகுதி கருவியைக் கையாளறவர், "பி" பகுதி நிபுணர். ஹாஷ் மதிப்பு (ஃபைலை மாத்தினா மாறிப்போற அடையாளக் குறியீடு) எழுதணும், எந்த முறைன்னும் (எஸ்.எச்.ஏ.-256 மாதிரி) குறிக்கணும். நிறைய டி.வி.ஆர். (கேமரா ரெக்கார்டர்) குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் தானா அழிச்சு மேல எழுதிடும். சம்பவம் நடந்த அன்னிக்கே காப்பி எடுத்து ஹாஷ் எடுத்து வைங்க. டி.வி.ஆர். கடிகாரம் பத்து நிமிஷம் முன்னபின்ன ஓடினா அதையும் புகார்லயே எழுதுங்க. மறைச்சா அதுவே சந்தேகம்.

#12 செகண்ட்ஸ்_செல்வம்

மொபைல் பக்கம் நான் சொல்றேன். போன் போனா ஸ்டேஷன்ல முதல்ல "தொலைஞ்சதுன்னு எழுதுங்க, இ-லாஸ்ட்ல போட்டுடலாம்"னு சொல்லுவாங்க (தொலைஞ்ச பொருளைப் பதியற போலீஸ் ஆன்லைன் வசதி). அக்னாலெட்ஜ்மென்ட் அஞ்சு நிமிஷத்துல வந்துடும், டூப்ளிகேட் சிம் எடுக்கலாம், சி.இ.ஐ.ஆர்.ல (போனை முடக்கற மத்திய அரசுத் தளம்) ஐ.எம்.இ.ஐ. பிளாக் பண்ணலாம். அதுக்கு வேணுங்கறது புகார் நகல், ஐ.எம்.இ.ஐ., வாங்கின பில், ஓ.டி.பி. வர அதே நம்பர்ல புது சிம். 2023 மே மாசத்துலேருந்து இது நாடு முழுக்க ஓடுது. பிளாக் பண்ணின போன்ல வேற சிம் போட்டா ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். உண்மையிலேயே நிறைய போன் திரும்பி வர்றது இந்த வழியிலதான், எஃப்.ஐ.ஆர். வழியில இல்ல.

ஆனா "தொலைஞ்சது"ன்னு எழுதிட்டா அது குற்றமே இல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனி திருட்டுக்குத்தான் தரும், தொலைஞ்சதுக்குத் தராது, எஃப்.ஐ.ஆர்., சி ரிப்போர்ட் ரெண்டும் கேட்கும். பஸ் ஜன்னல்ல கை விட்டுப் பிடுங்கினது 304, அதை "பஸ்ஸில் தொலைந்தது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு ஒரு வாரம் கழிச்சு மாத்தினா, ஏன் மாத்தறீங்கங்கற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். எழுத்து கன்னடத்துல இருக்கும். படிக்கத் தெரியாட்டி படிச்சுக் காட்டச் சொல்லுங்க, தகவல் கொடுத்தவருக்குப் படிச்சுக் காட்டணும்னு சட்டத்துலயே இருக்கு. நகல் இலவசம்.

வாங்கற கடைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. 4,000 ரூபாய் போனைத் திருடினவன் மேல என்.சி. அதைத் தெரிஞ்சே வாங்கினவர் மேல 317(2), அது 3 வருஷம், போலீஸ் நேரடியா எடுக்கலாம், ஜாமீன் உரிமை கிடையாது. திருடனைவிட வாங்கினவன் பெரிய குற்றவாளி! பில்லும் அடையாள அட்டை நகலும் இல்லாம செகண்ட்ஸ் வாங்காதீங்க.

#13 பழைய_ரைட்டர்

செல்வம் சொன்னதுல இன்னொரு நூல் இருக்கு. திருட்டுன்னு சந்தேகப்படற பொருளை பி.என்.எஸ்.எஸ். 106-ல கைப்பற்றலாம். அப்படிப்பட்ட பொருளோட, சந்தேகத்துக்கு இடமா நிக்கிற ஆளை 35(1)(e)-ல பிடிக்கலாம். என்.சி.ன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னு இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு கோணிப்பையில ஏழு போனோட நிக்கிறவனைப் பிடிக்க ஒவ்வொரு போன் விலையும் கூட்டிப் பார்க்கவேண்டியதில்ல.

#14 எதிர்வாதி

இதையெல்லாம் தவிர்க்கத்தான் கடைகள் பின்னறையில் உட்காரவைத்து, பத்து மடங்கு வாங்கி, மன்னிப்புக் கடிதம் எழுதவைத்து அனுப்புகின்றன. போலீஸ் செலவு பூஜ்யம், கோர்ட் செலவு பூஜ்யம்.

#15 மேயோஹால்_வக்கீல்

கடைக்காரர் ஜெயிலுக்குப் போகும் செலவை மறந்துவிட்டீர்கள்.

தனிநபர் கைது செய்யலாம் என்பது பி.என்.எஸ்.எஸ். 40. நிபந்தனை: தன் கண் முன்னால் நடந்திருக்கவேண்டும், குற்றம் போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடியதாகவும் ஜாமீன் உரிமை இல்லாததாகவும் இருக்கவேண்டும், 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கவேண்டும். 5,000-க்குக் கீழான 303(2) இப்போது இரண்டு நிபந்தனைக்கும் வெளியே போய்விட்டது. நேற்றைய கேமரா காட்சியைப் பார்த்துவிட்டு இன்று வந்தவரைப் பிடிப்பதும் கணக்கில் வராது.

பொருளைக் காக்கும் உரிமை வேறு. திருட்டு நடந்துகொண்டிருக்கும்போது தடுத்து, தேவையான அளவு பலத்தோடு பொருளை மீட்கலாம். ஆனால் பொருள் மீண்டதும் அந்த உரிமை தீர்ந்துவிடும் என்று பி.என்.எஸ். 43 சொல்கிறது. நெய் பாக்கெட் கைக்கு வந்த நிமிடத்துக்குப் பின் பின்னறையில் வைத்திருப்பது 127, முறையற்ற அடைப்பு. "பணம் கொடு, இல்லாவிட்டால் வீடியோவைப் போட்டுவிடுவேன்" என்றால் 308, பணம் பறித்தல். 1,340 ரூபாய் திருடனுக்கு என்.சி., அவனிடம் 13,400 வாங்கிய கடைக்காரருக்கு எஃப்.ஐ.ஆர். என்று திரும்பும். தடுத்து நிறுத்தி, பொருளை வாங்கிவைத்து, 112-க்குச் சொல்லிவிட்டு, அவர் நிற்க ஒப்புக்கொண்டால் வாசல் பக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் நாற்காலி போடுங்கள். உடல் சோதனை கூடவே கூடாது.

#16 நிலா_குழந்தைகள்நலம்

பிடிபடறவங்க 18 வயசுக்குக் கீழ இருந்தா மேல பேசின எதுவும் அப்படியே பொருந்தாது. இதைக் கடைக்காரங்களும் சில நேரம் ஸ்டேஷனும் தவறவிடறாங்க.

2016 சிறார் நீதி மாதிரி விதிகள்ல 8-ம் விதி: கொடிய குற்றம், அல்லது பெரியவங்களோட சேர்ந்து செஞ்ச குற்றம் தவிர மத்ததுக்குக் குழந்தை மேல எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. ஸ்டேஷன்ல இருக்கிற குழந்தை நல அலுவலர் பொது டைரியில எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோட சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்பணும். லாக்கப் கூடாது, விலங்கு கூடாது. அதிகபட்சம் 3 வருஷம் தண்டனைங்கறதால 303(2) சிறு குற்றம். 4 மாசம், நீட்டிச்சா இன்னும் 2 மாசம், அதுக்குள்ள வாரிய விசாரணை முடியலைன்னா நடவடிக்கையே முடிஞ்சு போகும். அதே செயலுக்கு 305 எழுதிட்டா 7 வருஷம்னு ஆகி "தீவிர" வகைக்கு ஏறிடும், அந்த முடிவு கிடைக்காது. ஒரு சாக்லெட் டப்பாவுக்காக செக்‌ஷன் ஏத்தறவங்க இதை யோசிக்கணும்.

வயசு தெரியலைன்னா தோற்றத்தை வெச்சுப் பெரியவர்னு முடிவு பண்ணாதீங்க. முக்கியமா, கேமரா படத்தை ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல "இவனைப் பாருங்க"ன்னு போடறது. குழந்தைன்னா சிறார் நீதிச் சட்டம் 74: 6 மாசம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். திருடினது 200 ரூபாயா இருக்கலாம்.

#17 கணக்கர்_ஆஸ்டின்டவுன்

நன்றிங்க மேடம், வாட்ஸ்அப் விஷயம் எல்லாக் கடைக்காரங்களுக்கும் அனுப்பவேண்டியது.

கடைசியா ரெண்டு. ஸ்டேஷன்ல எடுக்கவே மாட்டேன்னா? கைப்பற்றின சரக்கு எப்போ திரும்பும்?

#18 மேயோஹால்_வக்கீல்

எடுக்கவேண்டிய குற்றமாக இருந்தும் மறுத்தால்: 2013 சுப்ரீம் கோர்ட் லலிதா குமாரி தீர்ப்பு, எஃப்.ஐ.ஆர். கட்டாயம். புகாரைப் பதிவுத் தபாலில் டி.சி.பி.க்கு அனுப்புங்கள் (பி.என்.எஸ்.எஸ். 173(4)), பிறகு மேஜிஸ்ட்ரேட்டிடம் 175(3) மனு. டி.சி.பி.க்கு அனுப்பிய சான்றும் பிரமாண வாக்குமூலமும் இல்லாமல் மனு நிற்காது. 5,000-க்கு மேலான 303(2)-ல் ஏ.சி.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் தருகிறது; அந்த 14 நாளை மறுப்பு என்று நினைத்து அவசரப்படாதீர்கள். அதற்கு மேல் இழுத்தால் கேளுங்கள்.

போலீசுக்குச் சட்டமே கொடுத்த விருப்புரிமை ஒன்று உண்டு, அதைப் பலரும் அறிவதில்லை: எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு, விசாரிக்கப் போதிய காரணம் இல்லை என்று தோன்றினால் விசாரிக்காமல் விடலாம் (176). ஆனால் காரணத்தை அறிக்கையில் எழுதவேண்டும், புகார்தாரருக்கும் தெரிவிக்கவேண்டும். சிறு திருட்டில் நேர்மையான வழி இதுவே. பதிவும் இருக்கும், வெட்டி வேலையும் இருக்காது. வாயால் "விட்டுடுங்க" என்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

#19 பழைய_ரைட்டர்

சரக்கு: பி.என்.எஸ்.எஸ். 497, 503-ல மனு போடுங்க. புதுச் சட்டப்படி 14 நாளுக்குள்ள பொருள் விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ; அதுலேருந்து 30 நாளுக்குள்ள ஒப்படைக்கிறது பத்தி உத்தரவு. போட்டோவே சாட்சியமாகும்ங்கறதால பொருளைக் கட்டி வைக்க அவசியம் இல்ல. நெய், பால்பவுடர் மாதிரி காலாவதி உள்ளதுன்னா மனுவுல தேதியைப் பெரிசா எழுதுங்க. பாண்டு எழுதிக் கொடுத்து வாங்கணும், கேட்டப்போ ஆஜர்படுத்தறேன்னு. பி.எஃப். நம்பர் இல்லாம மனு போட்டா ஆபீஸ்லேயே திருப்பிடுவாங்க; அந்த நம்பரை மஹஜர் எழுதற அன்னிக்கே குறிச்சு வாங்கிடுங்க.